மூன்றாவது துண்டில்தான் முடிச்சு உட்கார்ந்தது

நாள் முழுக்க மேசைமேல் குனிந்து செய்கிற வேலை என்னுடையது. அட்டையையும் மெல்லிய பலகையையும் வெட்டி ஒட்டி, கட்டடங்களின் சின்ன மாதிரிகள் செய்கிறேன். வேலைக்கு டை கட்டிக்கொண்டு போவது எனக்குப் பிடிக்கும். ஆனால் நீள டை பசைக் கிண்ணத்தில் விழும், வெட்டுக் கத்திக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிப் பார்த்தேன், கிளிப் போட்டுப் பார்த்தேன், தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டும் பார்த்தேன். ஒரு நாள் டையின் நுனி, பசை காயாத ஒரு கூரையில் ஒட்டிக்கொண்டது. நான் நிமிர்ந்தபோது கூரையின் ஓரம் டையோடு வந்துவிட்டது. மூன்று நாள் உழைப்பு. அன்றைக்குத்தான், தொங்காமல் கழுத்திலேயே இரண்டு சிறகு விரித்து நிற்கிற போ டைக்கு மாறுவது என்று முடிவெடுத்தேன்.

இந்தக் காரணத்துக்காக மாறியவர்கள் எனக்கு முன்பே நிறையப் பேர் உண்டு. வரைபலகையில் குனிந்து வாழ்ந்த கட்டடக் கலைஞர்களான வால்டர் குரோப்பியஸ், லெ கொர்பூசியே இருவரின் படங்களைத் தேடிப் பார்த்தால் கழுத்தில் போ டை இருக்கும். குழந்தை மருத்துவர்கள் பலர் அதை விரும்பிக் கட்டுவதற்குக் காரணம், குழந்தையின் கைக்கு எட்டும்படி அதில் எதுவும் தொங்குவதில்லை. 2007-ல் பிரிட்டனின் சுகாதாரத் துறை, நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்கள் தொங்கும் டையைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. தொங்கும் துணி ஒருவர் மேல் பட்டு அடுத்தவர் மேலும் படும் என்பதுதான் கவலை. ஆக, போ டையை விருந்துக்கும் மேடைக்கும் மட்டுமே உரியது என்று ஒதுக்கி வைப்பது சரியில்லை. கையால் வேலை செய்கிறவனுக்கு அது நல்ல உடை.

முதலில் கடையில் ஏற்கெனவே கட்டி, பின்னால் கொக்கி வைத்து விற்கிற ஒன்றை வாங்கினேன். கறுப்பு சாட்டின். நான்கு நாள் போட்டேன். நான்கு நாளும் "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்ற கேள்வி வந்தது. ஐந்தாம் நாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். இரண்டு சிறகும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. நடு முடிச்சு என்று தெரிவது உண்மையில் முடிச்சே இல்லை, சுற்றி ஒட்டிய ஒரு பட்டை. உள்ளே அட்டை போல ஏதோ விறைப்பு. வெளியே பளபளப்பு. கறுப்புப் பளபளப்பு மாலை நேர உடைக்கென்று வந்தது, பகல் வெளிச்சத்தில் அது சீருடையாகத் தெரிகிறது. அப்போது எனக்குள் ஒன்று உறுதியானது. போ டையை வேஷமாகக் காட்டுவது அந்த விறைப்பும் மினுக்கமும்தான். மங்கிய துணியில், மெதுவாக, கையால் முடிச்சிட்டுக் கட்டினால் அது சட்டையின் ஒரு பகுதியாகிவிடும். அப்படி ஒன்றை நானே தைத்துப் பார்ப்பது என்று இறங்கினேன்.

காகித அளவிலிருந்து தொடங்குகிறேன். கையால் கட்டும் போ டையில் பல வடிவங்கள் உண்டு. முனையிலிருந்து கழுத்துப் பட்டை வரை ஏறக்குறைய ஒரே அகலத்தில் ஒல்லியாக ஓடுவது ஒன்று. முனை கூராக இருப்பது இன்னொன்று. முனையில் விரிந்து, இடுப்பு போலச் சுருங்கி, மறுபடி விரிந்து, பிறகு பட்டையாக ஒடுங்குவது மூன்றாவது. இந்த மூன்றாவதைத்தான் வண்ணத்துப்பூச்சி வடிவம் என்பார்கள். நான் அதை எடுத்துக்கொண்டேன். கட்டும்போது அந்த இடுப்பு முடிச்சுக்குள் போய்விடும், இரண்டாவது விரிவு மடிந்து சிறகாகும், முனை மறு சிறகாகும். இது புரிந்த பிறகுதான் அளவுகளுக்கு அர்த்தம் வந்தது. முனையிலிருந்து இடுப்பு வரை உள்ள தூரத்தின் இரண்டு மடங்குதான் கட்டி முடித்த போ டையின் அகலம்.

என் சட்டைக் காலர் 15½ அங்குலம். காகிதத்தில் போட்ட கணக்கு இது: முழு நீளம் 35 அங்குலம், நடுவில் இணைக்கும்படி இரண்டு பாதி. முனையிலிருந்து இடுப்புக்கு 2¼, இடுப்பிலிருந்து இரண்டாவது விரிவுக்கு மறுபடி 2¼. விரிவுகளின் அகலம் 2½, இடுப்பின் அகலம் 1, கழுத்துப் பட்டை ¾. தையலுக்குச் சுற்றிலும் ¼ அங்குலம் தனி. முதலில் முனை–இடுப்பு தூரத்தை 2⅝ என்று வைத்திருந்தேன். காகிதத்தை வெட்டி, மடித்து, கண்ணாடி முன்னால் கழுத்தில் பிடித்துப் பார்த்தபோது இரு சிறகும் முகத்தைத் தாண்டப் போவது போல இருந்தது. சிறகின் ஓரங்கள் கண்களின் வெளி ஓரங்களுக்கு நேராக வந்தால் முகத்துக்குப் பொருந்துகிறது. அதற்கு 2¼ போதும். துணியில் கத்தரிக்கோல் வைக்கும் முன் இப்படிக் காகிதத்தில் மடித்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலைதான். அதைத் தவிர்க்காதீர்கள்.

முதல் துண்டு, பழைய பாப்ளின் சட்டையின் முதுகுப் பகுதியிலிருந்து வெட்டியது. அக்காவின் தையல் மெஷினில் தைத்தேன். காலருக்குள் வைக்கிற கெட்டியான ஒட்டுக் கேன்வாஸை நான்கு துண்டிலும் அயர்ன் செய்து ஒட்டினேன். விறைப்பாக இருந்தால்தான் சிறகு நிமிர்ந்து நிற்கும் என்று நினைத்தேன். தைத்தது சுத்தமாகவே வந்தது. உள்ளே இருக்கிற நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பும்போதுதான் சிக்கல். ¾ அங்குலப் பட்டைக்குள் கேன்வாஸ் ஒட்டிய துணியைத் திருப்புவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது, ஒரு இடத்தில் தையலும் விட்டது. ஒருவழியாகத் திருப்பி, கழுத்தில் போட்டு முடிச்சிட்டால் முடிச்சு இறுகவே மாட்டேன் என்றது. நடுவில் ஒரு நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி, இரண்டு பக்கமும் மடங்காமல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு பலகைகள்.

அக்கா அதை வாங்கி விரலால் மடித்துப் பார்த்தாள். "இதுக்குள்ள எதுக்குடா இவ்வளவு கெட்டிக் கேன்வாஸ்? காலர் நிமிர்ந்து நிக்கணும். இது மடங்கணும், முடிச்சுக்குள்ள போகணும்" என்றாள். அவ்வளவுதான், ஆனால் இந்த வேலையின் பாதி ரகசியம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. முடிச்சுக்குள் ஒரு இடத்தில் துணி எத்தனை மடிப்பு சேருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பாதியும் முன்துணி, பின்துணி, உள்கேன்வாஸ் என்று பல அடுக்கு. அது மடிந்து, அதன்மேல் மறு முனை சுற்றி, மறுபடி உள்ளே நுழைகிறது. ஓர் அடுக்கில் சேர்கிற சின்னத் தடிமன் முடிச்சில் பல மடங்காகிவிடும்.

இரண்டாவது முயற்சியில் வேறு தவறு. நீள டையைத் துணியின் குறுக்கில், அதாவது தையல்காரர்கள் கிராஸ் என்று சொல்கிற 45 பாகையில்தான் வெட்டுவார்கள். அப்படி வெட்டினால்தான் அது முறுக்கிக்கொள்ளாமல் தொங்கும், கட்டி அவிழ்த்தாலும் பழைய நிலைக்குத் திரும்பும். அதே விதி இதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு, கருநீலப் பட்டுத் துணியை கிராஸில் வெட்டினேன். கேன்வாஸ் மெல்லியது, ஒரு பக்கம் மட்டும். தைத்து, திருப்பி, அயர்ன் செய்து அளந்தால் 36½ அங்குலம்! ஒன்றரை அங்குலம் இழுபட்டிருந்தது, அதற்கேற்ப அகலமும் குறைந்திருந்தது. ஒரு பாதி அதிகமாகவும் மறு பாதி குறைவாகவும் நீண்டதால் இரண்டு சிறகும் இரண்டு ஜாதி. கட்டிப் பார்த்தேன், அழகாகவே மடிந்தது, ஆனால் பட்டின் வழுக்கலில் முடிச்சு மதியத்துக்குள் தளர்ந்துவிட்டது. தொங்காத ஒன்றுக்குத் தொங்குவதற்கான விதி எதற்கு என்று அப்புறம்தான் யோசித்தேன்.

மூன்றாவதுக்கு மங்கலான நீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்ட பருத்திச் சட்டைத் துணி. பாவு நூல், அதாவது துணியின் நீளவாக்கு நூல் ஓடுகிற திசையிலேயே, நேராக வெட்டினேன். கேன்வாஸ் இருப்பதிலேயே மெல்லியது, முன்துணிகளில் மட்டும், அதுவும் தையல் கோட்டுக்கு உள்ளேயே நிற்கும்படி ¼ அங்குலம் குறைத்து. இதனால் ஓரத்துத் தையலில் கேன்வாஸ் சிக்காது, ஓரம் மெலிந்து வரும்.

தைத்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், இதில்தான் அழகு கூடுகிறது. நல்ல பக்கங்கள் இரண்டும் உள்ளே பார்க்க வைத்து, முதலில் கச்சாத் தையல் போட்டுக்கொண்டேன். குண்டூசி மட்டும் போட்டால் இடுப்பு வளைவில் துணி நகர்ந்துவிடுகிறது. மெஷினில் தையல் நீளம் 2 மில்லிமீட்டர். வளைவுக்கு வந்ததும் நான்கு தையலுக்கு ஒரு முறை ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தைத் தூக்கி, துணியைக் கொஞ்சம் திருப்பி, மறுபடி தைத்தேன். பட்டைப் பகுதியில் 2 அங்குலம் தைக்காமல் விட்டேன், திருப்புவதற்கு. தைத்த பிறகு ஓரத்தை ⅛ அங்குலமாகக் குறைத்தேன். இடுப்பின் உள்வளைவில் தையலைத் தொடாமல் சின்னச் சின்னதாக வெட்டு கொடுத்தேன், ஒரு வளைவுக்கு ஐந்து வெட்டு. முனையின் மூலைகளைக் குறுக்கே நறுக்கினேன். இதைச் செய்யாவிட்டால் திருப்பியதும் மூலை உருண்டையாகிவிடும், இடுப்பு சுருக்கம் விழும்.

திருப்ப ஒரு பெயின்ட் பிரஷின் பின்முனையைப் பயன்படுத்தினேன். முனையை உள்ளே தள்ளி, துணியை அதன் மேல் உருவிக்கொண்டே வந்தால் பத்து நிமிடத்தில் முழுதும் திரும்பிவிட்டது. மூலைகளை அதே பிரஷால் மெதுவாகத் தள்ள வேண்டும். வேகமாகக் குத்தினால் தையல் வழியே வெளியே வந்துவிடும். பிறகு ஈரத் துணி போட்டு அயர்ன். இழுக்காமல், பெட்டியைத் தூக்கித் தூக்கி வைத்து. இரண்டு பாதிகளையும் பின்கழுத்தில் இணைத்து, விட்ட இடத்தைக் கைத்தையலில் மூடினேன். அளந்தேன், 35 அங்குலம்.

இனி முடிச்சு. போ டை முடிச்சும் ஷூ லேஸ் முடிச்சும் ஒன்றேதான். தினமும் காலில் போடுகிறதைக் கழுத்தில் போடத் தெரியாமல் கை தடுமாறுவதற்குக் காரணம் கண்ணாடி. கண்ணாடியில் இடது வலது மாறி, கண் ஒன்று சொல்ல கை ஒன்று செய்கிறது. அதனால் முதல் வாரம் கழுத்தில் கட்டவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குச் சற்று மேலே தொடையைச் சுற்றிக் கட்டிப் பழகினேன். அந்த இடத்தின் சுற்றளவு கழுத்துக்குக் கிட்டத்தட்ட சமம், கையும் வலிக்காது, செய்வதும் நேராகத் தெரியும். பழகிய பிறகு கழுத்தில், கண்ணை மூடிக்கொண்டு.

ஒரு முனை மற்றதைவிட ஒன்றரை அங்குலம் கீழே தொங்கும்படி போட்டுக்கொள்ளுங்கள். நீள முனையைக் குட்டை முனையின் மேல் குறுக்கே போட்டு, அடியிலிருந்து மேலே எடுத்து ஒரு சுற்று இறுக்குங்கள். குட்டை முனையை இரண்டாவது விரிவில் மடித்துக் காலருக்கு முன்னால் கிடையாகப் பிடியுங்கள். ஒரு பக்கம் மடிப்பு, மறு பக்கம் தட்டை முனை, நடுவில் இடுப்பு. நீள முனையை அந்த இடுப்பின் மேல் முன்னால் தொங்க விடுங்கள். இப்போது கிடையாக மடித்துப் பிடித்த முன் துண்டுக்குப் பின்னால் விரலால் தடவினால் ஒரு சந்து தட்டுப்படும். நீள முனையையும் அதன் விரிவில் மடித்து, அந்த மடிப்பைச் சந்துக்குள் தள்ள வேண்டும். முன் துண்டின் மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து நுழைத்து, தட்டை முனை இருக்கிற பக்கம் வெளியே எடுக்க வேண்டும். முடிந்ததும் ஒவ்வொரு பக்கமும் ஒரு மடிப்பும் ஒரு தட்டை முனையும் சேர்ந்திருக்கும்.

இறுக்கும்போது மடிப்புகளைப் பிடித்து இழுங்கள். தட்டை முனைகளை இழுத்தால் அவிழ்ந்துவிடும். எனக்கு இது கைக்குப் பழகவே நான்கு நாள் ஆனது.

இன்னொரு தொல்லை வந்தது, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் போ டை கிடையாக நிற்காமல் கடிகார முள் மாதிரி சாய்ந்துகொண்டே இருந்தது. நேராக்குவேன், விட்டதும் சாயும். துணியில் குற்றமா, காலரில் குற்றமா என்று தேடிக் கடைசியில் என் ஷூவைப் பார்த்தேன். அதிலும் லேஸின் காதுகள் குறுக்கே படுக்காமல் ஷூவின் நீளவாக்கில் திரும்பி நின்றன! முதல் சுற்றையும் இரண்டாவது சுற்றையும் ஒரே கைப் பழக்கத்தில் போட்டால் முடிச்சு இப்படித்தான் திரும்பும். இரண்டும் எதிரெதிராக இருந்தால் நேராகப் படுக்கும், இறுக்கமும் நிற்கும். 2017-ல் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷூ லேஸ் தானாக ஏன் அவிழ்கிறது என்று ஆராய்ந்தார்கள். அவர்கள் சோதனையிலும் ஒரே பக்கமாகச் சுற்றிய முடிச்சுதான் எளிதில் தோற்றது. திருத்துவது சுலபம். இரண்டாவது பாதியைத் தொட வேண்டாம். முதல் குறுக்கில் இடது முனை மேலே போனால், அதை வலது மேலே என்று மாற்றிவிடுங்கள். மாற்றினேன், அன்றே நேராக உட்கார்ந்தது. ஷூ லேஸும் இப்போது அவிழ்வதில்லை.

முதல் முறை முழுதாகக் கட்ட 22 நிமிடம். இப்போது இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது.

மூன்றாவது துண்டை மூன்று மாதமாக, வேலை நாள் எல்லாம் கட்டுகிறேன். அருகில் வந்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கிறார்கள். சிறகுகளில் வெள்ளைக் கோடுகள் கிடையாக ஓடுகின்றன, நடு முடிச்சில் மட்டும் நட்டுக்குத்தலாக நிற்கின்றன. துணி அங்கே திரும்பிப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இடது சிறகு எப்போதும் வலதைவிட ஒரு நூல் தாழ்ந்திருக்கும். நான் அதைச் சரிசெய்வதில்லை. கையால் கட்டியது என்று அந்தச் சின்னக் கோணல்தான் சொல்கிறது. "என்ன விசேஷம்" என்ற கேள்வி முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. இப்போது வருகிற கேள்வி, "இதை எப்படிக் கட்டுவது?"

அணிவதில் கற்றுக்கொண்டது, காலர்தான் எல்லாம். மேல் பொத்தான் கட்டாயம் போட வேண்டும், போட்ட பிறகு காலருக்குள் ஒரு விரல் மட்டும் நுழைய வேண்டும். இரண்டு விரல் நுழைகிற காலரில் போ டை முன்னால் சரிந்து தொங்கும். துவைத்துத் துவைத்துத் தொய்ந்த காலரிலும் அப்படியே. என்னிடம் இருந்த ஆறு சட்டைகளில் இரண்டு இதற்கு உதவவில்லை. கட்டம் போட்ட சட்டைக்குக் கோடு போட்ட டை என்று கலக்கப் போனால், இரண்டில் ஒன்று பெரிய வடிவமும் மற்றது சிறிய வடிவமுமாக இருக்கட்டும். ஒரே அளவில் இருந்தால் கண் கூசுகிறது. புள்ளி போட்டது எல்லாச் சட்டைக்கும் சமாளிக்கும். வின்ஸ்டன் சர்ச்சில் பெரும்பாலும் கருநீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்டதையே கட்டினார். அரசியலுக்கு வருமுன் கான்சஸ் சிட்டியில் ஆண்கள் உடைக்கடை நடத்திய ஹாரி ட்ரூமனும் அமெரிக்க அதிபரான பிறகு போ டையோடு வேலைக்கு வந்தவர். கடை வைத்தவருக்குத் துணி தெரிந்திருக்கும்.

தலையைத் திருப்பித் திருப்பி வேலை செய்வதால் ஒரு நாளில் இரண்டு முறை விரலால் தொட்டு நேராக்க வேண்டியிருக்கிறது. பருத்தி பட்டுத் துணியைவிட நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, சாயங்காலம் வரை முடிச்சு நிற்கிறது. இரவில் அவிழ்த்துவிடுகிறேன், கட்டியபடியே கழற்றி மாட்டி வைத்தால் மடிப்பு நிரந்தரமாகிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கையால் அலசி, பிழியாமல் துணியில் ஒற்றி, ஈரம் இருக்கும்போதே அயர்ன். பசை இதுவரை ஒரு முறைகூடப் படவில்லை.

நான்காவதை இப்போது வெட்டி வைத்திருக்கிறேன். மெல்லிய கம்பளித் துணி, மங்கிய பச்சை. கம்பளி தடிமன் என்பதால் கேன்வாஸே இல்லாமல், பின்துணிக்கு மட்டும் பருத்தி. இடுப்பை 1 அங்குலத்திலிருந்து ⅞ ஆகக் குறைத்திருக்கிறேன், முடிச்சு சிறுத்து வரும் என்ற நம்பிக்கையில். காகித அளவின் ஓரத்தில் அக்கா பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "வளைவில் ஏழு வெட்டு கொடு."